கஸ்டமருக்கு விளக்கப்பட்டது

வண்டியில் கோளாறு என்று யாராவது வந்து சொன்னால் அவர் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டார். சொன்னவருடைய காலைப் பார்ப்பார். செருப்பா, பூட்ஸா, குதிகால் உயர்ந்ததா, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று நிதானமாகப் பார்த்துவிட்டு அப்புறம்தான் முகத்துக்கு வருவார். "சீட்டை எவ்வளவு தள்ளிப் போட்டு ஓட்டுதிய?" என்பது முதல் கேள்வி. தமிழ் தெரியாதவர்களிடம் இதையே இந்தியில் கேட்பார். அரபிகளிடம் கையாலேயே சீட்டை முன்னும் பின்னும் தள்ளிக் காட்டுவார். எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அந்தக் கேள்விக்கு வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை மாதிரி முழிப்பதை மூன்று வருடம் எதிர் மேஜையிலிருந்து பார்த்தவள் நான்.

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு ஒர்க்‌ஷாப். முதலாளி திருச்சூர்க்காரர். ஒரே ஒரு ஐரோப்பியக் கம்பெனியின் கார்களுக்கு மட்டும்தான் அங்கே வேலை. அவர் ஃபோர்மேன். நான் ஜாப் கார்டு எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றி, ரிப்போர்ட் அடித்துக் கொடுக்கும் கிளார்க். அவருக்கு நாங்குநேரிப் பக்கம் என்று தெரிந்ததும் நான் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஒரே மாதத்தில் பெஷாவர்க்காரப் பெயின்டர் முதல் பிலிப்பினோ எலக்ட்ரீஷியன் வரை எல்லோருக்கும் அவர் "அனாச்சி" ஆகிவிட்டார். அவர் என்னை "எம்மா" என்பார்.

அந்தக் காரின் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அந்தக் காலத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாமல் சமாளிப்பார்களே, அப்படித்தான். "கம்பெனி" என்பார். கம்பெனி சொல்லியிருக்கு, கம்பெனி அப்படிச் செய்யாது, கம்பெனிக்குத் தெரிஞ்சா விடாது. எங்களுக்குச் சம்பளம் போடுகிற கம்பெனி வேறு, இந்தக் கம்பெனி வேறு என்பது புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்குப் புரிய ஒரு வாரம் ஆகும். அவர் சொல்லாத பெயரை நானும் சொல்லாமல் விட்டுவிடுகிறேன்.

ஜாப் கார்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள். இடது பக்கம் கஸ்டமர் சொல்கிற குறை. அதை நான் எழுதுவேன். வலது பக்கம் ஒர்க்‌ஷாப்பில் கண்டது. அதை அவர் எழுதுவார். தேடிப் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால் மற்ற இடங்களில் 'குறை தென்படவில்லை' என்று எழுதி விட்டுவிடுவார்கள். இவருக்கு அது போதாது. நான் இடது பக்கம் எழுதியதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுப்பார். வலது பக்கம் 'கஸ்டமருக்கு விளக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அப்படிக் கோடு போட்டு அடித்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முதலாளிக்கும் அதில் சந்தோஷம்தான். குறையோடு திரும்பிப் போன வண்டி என்று ஒன்றுகூட எங்கள் கணினியில் கிடையாது.

அவருடைய ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. முதன்முதலாக அவர் வந்திறங்கியது சவுதியில் அல் கோபாரில், ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் கேம்ப்புக்கு. பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு நான்கு வருடம் ஊருக்கே விடவில்லையாம். அங்கே ஒரு வெள்ளைக்கார எஞ்சினீயரிடம் இந்தக் கார் இருந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் இவர் அதைக் கழுவிக் கொடுப்பார். எஞ்சினீயர் ஊருக்குக் கிளம்பும்போது காரோடு வந்த கையேட்டை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். அகராதி வைத்துக்கொண்டு அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துத்தான் இவர் ஆங்கிலம் கற்றார். அந்தப் புத்தகத்தில் வண்டி ஒரு தப்பும் செய்யாது. ஓட்டுநர் கவனிக்க வேண்டும், ஓட்டுநர் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றுதான் ஒவ்வொரு பக்கமும் இருக்கும். இவர் ஆங்கிலத்தில் பேசினாலும் அப்படியே இருக்கும். டீ ஆறிப்போயிருக்கிறது என்று நான் சொன்னால், "குடிப்பவர் உடனே குடிப்பதை உறுதி செய்ய வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சிரிக்காமல் இருப்பார்.

பிறகு துபாயில் அந்தக் காரின் ஏஜென்சியில் வேலை கிடைத்திருக்கிறது. பதினொரு நாள் பயிற்சிக்கு ஐரோப்பாவுக்கே அனுப்பினார்கள். மலைகளுக்கு நடுவே சின்ன ஊர், தண்ணீர் பம்பு ரிப்பேர் செய்துகொண்டிருந்த ஒருவர் ஆரம்பித்த பட்டறை, அதுதான் இன்றைய கம்பெனி. இந்தக் கதையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அங்கே ஒரு கிழவர் புதுக் கதவு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மயிரிழைக் கீறல் ஒன்றுக்காக அந்தக் கதவையே தூக்கிப் போட்டாராம். "நாம என்னன்னா புருஷனையே கீறலோட வச்சிக்கிட்டிருக்கோம்" என்று நான் ஒரு முறை சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

ஐம்பத்தைந்து தாண்டியதும் ஏஜென்சி அவரை ஒரு மாத நோட்டீசில் அனுப்பிவிட்டது. அதைப் பற்றிக் கேட்டால்கூட, "அது ஏஜென்சிக்காரன் பாத்த வேல எம்மா. கம்பெனிக்குத் தெரிஞ்சிருந்தா விட்டிருக்காது" என்பார். மலைகளுக்கு நடுவே இருக்கிற கம்பெனிக்கு நாங்குநேரிக்காரர் ஒருவர் இருப்பதே தெரியுமா என்று கேட்க நாக்கு வரை வந்தது.

இத்தனைக்கும் அவரிடம் அந்தக் கார் கிடையாது. பழைய ஜப்பான் கார் ஒன்றைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். "கோயில்ல மணி அடிக்கவன் சாமியத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோவானா?" என்றார்.

அவர் மேல் எனக்குப் பிரியம் இருந்தது. அதை மறைத்து இதை எழுத முடியாது. ஒரு வருடம் மழை கொட்டி ஊரே மிதந்தபோது, முவைலாவில் என் மகளின் பள்ளிக்கூடத்துக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நடந்துபோய், அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டவர் அவர். கணவர் அபுதாபியில் மாட்டிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியிடம் நான் உதவி கேட்கக்கூட இல்லை. மால் பார்க்கிங்கில் கம்பெனி வண்டி ஒன்று விளக்கு அணைக்காமல் நின்றால், ஓனர் வருகிற வரை பக்கத்திலேயே நிற்பார். பேட்டரி இறங்கிவிட்டால் கம்பெனிக்குக் கெட்ட பெயர்.

அந்த மகள்தான் ஒரு நாள் அவரிடம் வம்பு செய்தாள். எங்கள் வீட்டில் பிரியாணி. அவருக்கு அன்றைக்குப் பிறந்த நாள் என்று பாஸ்போர்ட் நகலைப் பார்த்து நான்தான் கண்டுபிடித்து அழைத்திருந்தேன். வழக்கம்போலப் பம்பு, பட்டறை, கதவு எல்லாம் வந்தது. ஷார்ஜாவிலேயே வளர்ந்தவள், போனில் எதையோ தேடிவிட்டுக் கேட்டாள்.

"அங்கிள், வார் டைம்ல அந்த ஃபேக்டரில ப்ரிஸனர்ஸ வச்சு வேலை வாங்கினாங்களாமே? சம்பளமே குடுக்கலயாம். நிறையப் பேர் செத்துப்போயிருக்காங்க. கம்பெனியோட சைட்லயே போட்டிருக்கு."

அவர் கையில் எடுத்த சோறு கையிலேயே இருந்தது. பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துவிட்டு நான்கு வருடம் கேம்ப்பில் கிடந்தவர். அந்த ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் நினைத்தேன்.

"அது அப்ப இருந்த அரசாங்கம் செய்ய வச்சது, பாப்பா" என்றார். சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு, "கம்பெனியே எழுதிப் போட்டிருக்குல்லா? மறைக்கணும்னு நெனச்சா உனக்கு எப்படித் தெரியும்? வேற எவன் இப்படித் தானா ஒத்துக்கிடுவான்?"

அதற்கப்புறம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மகளை நான் கண்ணாலேயே அதட்டினேன். அவள் கேட்டதில் என்ன தப்பு என்று பாத்திரம் கழுவும்போதுதான் எனக்குத் தோன்றியது.

இனி பருத்தித்துறைத் தம்பியைப் பற்றி. ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்த யாழ்ப்பாணத்துப் பையன், முப்பது வயது இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோகும் கார் கம்பெனி கார்தான். சர்வீசுக்கு வந்தால் எங்களோடு டீ குடிப்பான். அண்ணாச்சியிடம் அவனுக்கு அலாதி மரியாதை. எஞ்சின் ஓடும்போது பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தே என்ன குறை என்று சொல்லிவிடுகிறார் என்று ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறான்.

ஒரு நாள் சர்வீஸ் தேதி வருவதற்கு முன்பே வந்தான். நேராக அவரிடம் போனான்.

"அண்ணை, சில நேரம் பிரேக் கல்லு மாதிரி நிக்குது. மிதிச்சாலும் இறங்குதில்லை. நிப்பாட்டிப்போட்டுத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினா சரியாப் போகுது."

அவர் காலைப் பார்த்தார். சீட்டைக் கேட்டார். பிறகு இரண்டு மணி நேரம் வண்டியைச் சுற்றுவட்டாரச் சாலைகளிலெல்லாம் ஓட்டிப் பார்த்தார். கோளாறு காட்டும் கம்ப்யூட்டரை வண்டியில் செருகிப் பார்த்தார். எதுவும் பதிவாகியிருக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று அவரைச் சொல்லவே முடியாது.

"தம்பி, சீட்டு ரொம்பப் பின்னால கெடக்கு. முழங்கால் மடங்காம நுனிக் காலால மிதிச்சா அப்படித்தான் தோணும். முன்னால இழுத்துப் போட்டு ஓட்டிப் பாரும்."

"ஓம் அண்ணை. நீங்கள் சொன்னாச் சரி" என்றான். எங்கள் கண் முன்னாலேயே சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். அவன் உயரத்துக்கு முழங்கால் ஸ்டியரிங்கில் முட்டியது. அப்படியே ஓட்டிக்கொண்டு போனான். நான் இடது பக்கம் எழுதிய 'பிரேக் பெடல் சில நேரம் இறுகுகிறது' என்பதன் மேல் கோடு விழுந்தது.

அடுத்த இரண்டு மாதத்துக்குள், முவைலாவில் பள்ளிக்கூடங்கள் இருக்கிற சாலையில், காலை வேளையில், சிக்னலில் நின்றுகொண்டிருந்த ஒரு டெலிவரி பைக்கின் மேல் அந்தக் கார் ஏறியது. பைக் ஓட்டியவன் முல்தான் பக்கத்துப் பையன். இடுப்பு எலும்பு நொறுங்கி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். நல்ல வேளையாக அப்போதுதான் பிள்ளைகளை இறக்கிவிட்டிருந்தான் தம்பி. அவனைப் போலீஸ் கொண்டுபோனது.

நான்கைந்து நாள் கழித்து வண்டியை எங்களிடம் அனுப்பினார்கள். அவனுடைய அர்பாப், அதாவது அந்த வீட்டு முதலாளி, தானே வந்தார். மோசமான மனிதர் இல்லை. வண்டியில் குறை என்றால் பையனுக்கு வக்கீல் வைக்கிறேன், அவனுடைய தப்பு என்றால் என்னால் ஒன்றும் செய்வதற்கில்லை, என் பிள்ளைகள் போகிற வண்டி என்றார். எல்லாம் உடைந்த இந்தியில். போகும்போது திரும்பி நின்று, எல்லோருக்கும் புரிகிற அரபியில் கேட்டார்:

"முஷ்கிலா சய்யாரா, வல்லா டிரைவர்?" கோளாறு வண்டியிலா, டிரைவரிடமா?

அண்ணாச்சி இரண்டு நாள் அவகாசம் கேட்டார். நொறுங்கிய முன்பக்கத்தை ஓரளவு சரிசெய்து, அல் தைத் போகிற சாலையில் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார். வேகமாகப் போய் மிதித்தார். மெதுவாகப் போய் மிதித்தார். சாப்பிடக்கூட வரவில்லை. பிரேக் ஒரு முறைகூட அவரைக் கைவிடவில்லை. மூன்றாம் நாள் அர்பாப் வந்தபோது, "சய்யாரா மாஃபி முஷ்கிலா" என்றார். வண்டியில் கோளாறு இல்லை. அர்பாப் தலையை ஆட்டிவிட்டு, எழுதிக் கொடுங்கள் என்றார்.

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். முதல் வரி, பிரேக்கில் குறை ஏதும் காணப்படவில்லை. இரண்டாவது வரி, ஓட்டுநர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததால் விபத்து நேர்ந்தது.

"ரெண்டாவது வரி வேணுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"காரணம்னு ஒண்ணு வேணும்லா எம்மா. சும்மா ஒரு வண்டி போய் முட்டுமா?"

நான் அடித்துக் கொடுத்தேன். சீல் குத்தியதும் நான்தான். இரண்டு மாதத்துக்கு முன் கோடு போட்டு அடிக்கப்பட்ட கார்டு எனக்கு நினைவு வந்ததா என்றால், வந்தது. வாயைத் திறக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாரே, முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தாரே, எனக்கென்ன தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த இரண்டாவது வரியோடு தம்பியின் கதை முடிந்தது. அர்பாப் விசாவை ரத்து செய்தார். தம்பி சில மாதம் உள்ளே இருந்துவிட்டு, அங்கிருந்தே ஏர்போர்ட்டுக்குப் போனான். ஒரே ஒரு தடவை உள்ளேயிருந்து எனக்குப் போன் செய்தான். "அக்கா, நான் ரெண்டு காலாலயும் மிதிச்சனான். சத்தியமா மிதிச்சனான். அண்ணையிட்டச் சொல்லுங்கோ." சொன்னேன். "பயத்துல எது எதுன்னு தெரியாது எம்மா, பாவம்" என்றார். உண்மையாகவே பாவப்பட்டுத்தான் சொன்னார். அந்த முல்தான் பையனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் வந்த முதல் கோபம் அன்றைக்குத்தான்.

ஒரு வருடம்கூட ஆகவில்லை. சென்னைக்காரப் பல் டாக்டர் ஒருத்தி எங்கள் கஸ்டமர். அவளும் முன்பொரு தடவை பிரேக் இறுகுகிறது என்று வந்து, குதிகால் செருப்பைப் பற்றி அவரிடம் பாடம் கேட்டுவிட்டுப் போனவள். அவள் வந்து போனை என் மேஜையில் வைத்தாள். கம்பெனியிடமிருந்து வந்த மெசேஜ். அவளுடைய கார் மாடலில் சில நேரங்களில் பிரேக்குக்குத் துணை செய்யும் மின்னணுப் பாகம் தற்காலிகமாக நின்றுவிடக்கூடும். பெடல் இறுகும். வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பினால் சரியாகும். ஏஜென்சிக்குக் கொண்டுவந்தால் பாகத்தை மாற்றித் தருகிறோம்.

"உங்க ஃபோர்மேன் கிட்டக் காட்டுங்க. என் செருப்புல ஒண்ணும் இல்லையாம்" என்றாள்.

நான் போனை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார். அவர் முகம் வெளிறும் என்றுதான் நான் எதிர்பார்த்து நின்றேன். முகம் மலர்ந்தது.

"பாத்தியாம்மா? யாரும் கேஸ் போட்டுக் கேக்கல. கம்பெனி தானாச் சொல்லுது. சும்மாவா இத்தன வருசம் பேர் நிக்கி?"

"அப்ப அந்தத் தம்பி?" என்றேன்.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு லிஃப்ட்டில் நின்ற வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

அன்று நான் பழைய ஃபைல்களை எடுத்தேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கோட்டுக்கு அடியில் என் எழுத்து நன்றாகவே தெரிந்தது. அதே மாடல். பெடல் இறுகுகிறது, பிரேக் கனமாக இருக்கிறது, கல் போல நிற்கிறது. ஆறு கார்டுகள். ஆறிலும் கஸ்டமருக்கு விளக்கப்பட்டது. ஒன்று அந்தத் தம்பியுடையது. ஆறையும் அவர் மேஜையில் வரிசையாக வைத்தேன். மறுநாள் வந்து பார்த்தபோது எல்லாம் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. மேலே டீ கிளாஸ் நின்றது.

தம்பிக்கு நானே வாட்ஸ்அப்பில் சொன்னேன். உடனே போன் வந்தது. அவனுடைய சித்தப்பா மகன் டோஹாவில் ஒரு டிரைவர் வேலை பார்த்து வைத்திருக்கிறானாம். அமீரகத்திலிருந்து ஏன் அனுப்பினார்கள் என்று அந்த இடத்தில் கேட்கிறார்களாம். ஊரிலும் நிம்மதி இல்லை. ஒரு மனிசனை முடமாக்கிவிட்டு வந்தவன் என்று பின்னால் பேசுகிறார்கள். அம்மாவே, "நீ கவனமா கார் ஓடியிருக்கலாம்தானே" என்று கேட்டுவிட்டாளாம்.

"அக்கா, எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். பிரேக் பிடிக்கேல்லை எண்டு அண்ணை ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கோ. அவர் எழுதினாச் சனம் நம்பும்."

கம்பெனியின் மெசேஜ் போதாதா என்று கேட்டேன். அது எல்லா வண்டிக்கும் பொதுவாகச் சொன்னது, என்னைத் தப்பு என்று எழுதினது அண்ணைதானே என்றான்.

அவரிடம் சொன்னேன். எதிர்ப்பார், கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவரோ, "எழுதிக் குடுப்போம் எம்மா. பாவம், பிள்ள" என்று உடனே வந்து என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நான் அடிக்கத் தொடங்கினேன். அவர் சொன்னார்: மேற்படி வாகனத்தை நான் பரிசோதித்தேன். என் பரிசோதனை போதுமானதாக இல்லை. ஓட்டுநர் முன்பே வந்து சொன்னதை நான் அலட்சியம் செய்தேன். ஓட்டுநர்மேல் நான் எழுதியது தவறு. எல்லாத் தவறுக்கும் நானே பொறுப்பு.

இவ்வளவு தூரம் இறங்கி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பிறகுதான் அதில் எது இல்லை என்று கண்ணில் பட்டது.

"பிரேக் பிடிக்கலங்கிற வரி எங்க அண்ணாச்சி?"

"அதான் எல்லாம் என் தப்புன்னு போட்டாச்சுல்லா?"

"அவன் கேட்டது அது இல்ல. வண்டி நிக்கலன்னு எழுதணும்."

"அத நான் எப்படி எழுத? நான் ஓட்டும்போது நின்னுச்சே. நான் பாக்காதத எழுதக் கூடாது எம்மா."

"அவன் ஆக்சிலரேட்டர மிதிச்சத மட்டும் பாத்தீங்களா?"

ஒர்க்‌ஷாப்பில் யாரோ டயரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்க்காமல் கீபோர்டைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை. என் அப்பாவிடம்கூட அப்படிப் பேசியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"என் பேர எவ்வளவு வேணாலும் எழுதிக்கோ" என்றார் கடைசியில். "அந்தப் பேருக்கு எதிரா என் கையால..." என்று ஆரம்பித்து முடிக்காமல் எழுந்து போனார். கை கழுவுகிற இடத்தில் தண்ணீர் ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

நான் அந்த வரியை அடித்துச் சேர்த்தேன். விபத்து நடந்த நேரத்தில் வாகனத்தின் பிரேக் பிடிக்கவில்லை. அவர் சொன்ன வரிகளுக்கு மேலே, முதல் வரியாகவே போட்டேன். பிரின்ட் எடுத்து அவர் மேஜையில் வைத்துவிட்டு நின்றேன். இதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டால் அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

அவர் ஈரக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தாளை இழுத்து நேராக வைத்தார். முதல் வரிக்கு அவர் பார்வை போகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு முன்பே கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தாளில் ஒரு எழுத்தும் தெரியாது.

"எந்த இடத்துல எம்மா?" என்றார்.

நான் விரலை வைத்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு வண்டிகளிடம் போனார். அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று அன்றும் அவர் கேட்கவில்லை, ஆறேழு மாதம் கழித்து ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பியபோதும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது நாங்குநேரியில் இருக்கிறார் என்று கேள்வி. பண்டிகைக்குப் பண்டிகை அவரிடமிருந்து பூப் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். நான் பதிலுக்கு ஒரு கும்பிடு அனுப்புவேன்.

கடிதத்தைப் படம் எடுத்து, கையெழுத்தான அன்றைக்கே தம்பிக்கு அனுப்பினேன். அவன் பார்த்துவிட்டான் என்று நீலக் குறி விழுந்தும் பதில் வரவில்லை. மறுநாள் மதியம்தான் போன் செய்தான். அந்தத் தாளை இன்னும் டோஹாவுக்கு அனுப்பவில்லை, முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன் என்றான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அக்கா, ஒண்டு கேக்கட்டே? அண்ணை இதை வாசிச்சுப்போட்டுத்தானே சைன் வச்சவர்?"

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி யாரோ ஒரு கஸ்டமரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசிச்சார் தம்பி" என்றேன். "ரெண்டு தடவை வாசிச்சுட்டுத்தான் போட்டார்."

"அது காணும் அக்கா, போதும்" என்று சொல்லிவிட்டு அவன் அழத் தொடங்கினான்.